சிறுதேரும் வழிமறித்த குழையும்

முன்னுரை

இளங்கலை முதலாண்டு மாணவர்க்கு 'இளமையில் யான் ஆடிய ஆட்டம்' என்னும் கட்டுரைப் பொருள் ஒன்று தந்தோம். அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம், பொன்னமராவதிப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து பயிலும் மாணவர்கள் அவர்கள். நுங்கு வண்டி, கிட்டிப்புள், பாண்டி, பல்லாங்குழி எனப் பலரும் எழுதினர். அவருட் பலர் தாம் ஆடாத ஆட்டங்களைப் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு எழுதினர் என்பது படித்த அளவில் விளங்கிற்று. ஒரு மாணவர் மட்டும் கைப்பேசியில் ஆடும் வண்டிப் பந்தயம் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தார். 'மரியோ கார்ட் டூர்' என்பது அதன் பெயர். உடன் பணியாற்றும் நண்பர் அத்தாளைக் கண்டு நகைத்தார். இது விளையாட்டு அன்று, பொழுதழிவு என்றார். எம்மால் நகைக்க இயலவில்லை. தாம் உண்மையில் ஆடியதை எழுதியவர் அவரே என்று எமக்குப் பட்டது.

அக்கட்டுரையில் ஒரு செய்தி எம் கருத்தை ஈர்த்தது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த 2020, 2021ஆம் ஆண்டுகளில் அவர் அவ்வாட்டத்தை நாள்தோறும் ஆடியிருக்கிறார். ஆயினும் தாம் ஓடிய பந்தயம் ஒன்றனையேனும் அவர் விரித்துரைக்கவில்லை. பச்சைக் குழாய் ஒன்று வெடித்து, அதனுள்ளிருந்து எந்த நாளில் எந்த ஓட்டுநர் வெளிப்பட்டார் என்பதனை மட்டும் நிரல்பட எழுதியிருந்தார். அழைத்து வினவினோம். “பந்தயமெல்லாம் மறந்துபோயிற்று, ஐயா, குழாய்தான் மறக்கவில்லை” என்றார்.

வண்டி ஆட்டத்தில் வண்டி மறந்து குழாய் நினைவில் நிற்பது ஏன்? அம்மாணவர் பெற்ற உவகை எத்தகையது? அதனை விளையாட்டின்பம் என்று கூறலாமா? தமிழ்ப் பொருளிலக்கணம் வகுத்த நெறியைத் துணைக்கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கைப்பேசி ஆட்டத்தைத் தமிழ்த்துறை ஆராய்வதா எனச் சிலர் ஐயுறலாம். மக்கள் எதனால் மகிழ்கின்றனர் என்பதனை ஆராய்ந்து வகுத்தவர் தொல்காப்பியர். ஆதலின் அது நம் துறைக்குப் புறம்பானதன்று.

சிறுதேர் மரபு

சிறுவர் வண்டி கொண்டு ஆடுதல் தமிழ் இலக்கியத்தில் பழையதொரு பொருள். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியில் நிற்பது சிறுதேர்ப் பருவம். சிற்றில் சிதைத்தலும் சிறுபறை முழக்கலும் முடிந்த பின்னரே குழந்தை சிறுதேர் உருட்டுகிறது. தளர்நடை நீங்கி, தன் உடலைத் தானே ஆளத் தொடங்கிய பிள்ளையே வண்டியை ஆள இயலும் என்பது இம்முறை வைப்பால் பெறப்படும்.

சங்கப் பாடல்களுள் மூன்று இடங்கள் ஈண்டு நம் ஆய்வுக்கு உரியன. பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் விரும்புமாறு செய்த தேர் ஒன்று வருகிறது. அஃது ஏறி ஊர்தற்கு உரியதன்று, உருட்டுதற்கே உரியது. அதனை உருட்டித் திரிந்து இளைத்த புதல்வர், செவிலியைத் தழுவிப் பாலுண்டு உறங்குகின்றனர். குறுந்தொகையின் 61ஆம் பாட்டில் இதனினும் நுட்பமான கருத்து உள்ளது. தும்பிசேர்கீரனார் பாடிய அப்பாட்டில், தச்சன் இயற்றிய சிறு வண்டியில் ஏறிச் செல்லும் இன்பம் பிள்ளைகட்கு இல்லை. எனினும் கையால் இழுத்து மகிழும் இன்பம் உண்டு என்று தோழி கூறுகிறாள். தலைவியின் நிலைக்கு உவமையாக வந்ததேனும், விளையாட்டின் இயல்பையே வரையறுத்துக் கூறினாற்போல அவ்வுவமை அமைந்துள்ளது. மெய்ப்பொருள் கிட்டாத இடத்தும் கையின் தொழிலால் உவகை பிறக்கிறது. பிள்ளைக்கு வேண்டுவது தேர் அன்று; தேரை ஓட்டும் தொழில்.

மூன்றாவது இடம் பட்டினப்பாலையில் உள்ளது. காவிரிப்பூம்பட்டினத்து மனை முற்றத்தில் உலரும் உணவைக் கோழி கவர வருகிறது. மனைமகள் தன் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி அதன்மேல் எறிகிறாள். முற்றத்தில் கிடக்கும் அக்குழை, குதிரையின்றிச் சிறுவர் உருட்டி வரும் மூன்றுகாற் சிறுதேரின் வழியைத் தடுக்கிறது. நகரின் செல்வப் பெருக்கைக் கூறுதலே புலவர் கருத்து என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்காட்சியில் பிள்ளைகளின் நிலையில் நின்று நோக்கின், பொன் அவர்கட்கு ஒரு தடையே. செல்வம் விளையாட்டின் குறுக்கே கிடக்கிறது. இக்காட்சி நம் ஆய்வின் இறுதிவரை உடன் வரும்.

இம்மரபு ஏட்டளவில் நின்றுவிட்டதன்று. வெட்டியெடுத்த நுங்கின் கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கோலால் தள்ளி ஓடும் நுங்கு வண்டியைப் புதுக்கோட்டை மாவட்டத்துப் பனஞ்சாலைகளில் கோடைதோறும் காணலாம். அவ்வண்டிக்கு விலை இல்லை. இரண்டு நாளில் அது வாடி உடையும். உடனே வேறொன்று செய்துகொள்வர்.

ஆட்டத்தின் அமைப்பு

இனி ஆய்வுக்குரிய ஆட்டத்தின் அமைப்பைக் காண்போம். 'கார்ட்' என்பது கூரையின்றித் தாழ அமைந்த நான்கு சக்கரச் சிறு பந்தய வண்டி. சப்பானிய நாட்டு நிண்டெண்டோ நிறுவனம் 1992ஆம் ஆண்டில் 'சூப்பர் மரியோ கார்ட்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அதன் வழியில் தோன்றியவை பல. அவற்றை விலைகொடுத்து ஒருமுறை வாங்கினால், உள்ளிருக்கும் ஓட்டுநரும் வண்டிகளும் ஆடுவோர்க்கு உரியராயினர். சிலரை வென்று பெறுதலும் உண்டு. 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் கைப்பேசிக்கென வெளிவந்த 'மரியோ கார்ட் டூர்' இவ்வழக்கினின்று வேறுபட்டது. இதனை இறக்கிக்கொள்ள விலை இல்லை. விலை வேறிடத்தில் வைக்கப்பட்டது.

பந்தயத்தில் எண்மர் ஓடுவர். ஓடுகளத்தை இருமுறை சுற்றவேண்டும். வண்டி தானே முன்செல்லும். ஆடுவோன் விரலை இடமும் வலமும் இழுத்து அதனைத் திருப்புவான். வளைவுகளில் வண்டியைச் சறுக்கவிட்டு, சறுக்கல் முடியும் நொடியில் விரைவு பெறுதல் இவ்வாட்டத்தின் தலையாய திறன். வழியிற் கிடைக்கும் வாழைப்பழத் தோல், ஆமையோடு முதலியவற்றை எறிந்து பிறரைத் தடுக்கலாம். வெளிவந்தபோது எதிர்த்து ஓடிய எழுவரும் மக்கள் அல்லர். கணிப்பொறி இயக்கிய வண்டிகளே. மக்கள் ஒருவரோடு ஒருவர் நேர்நின்று ஓடும் முறை 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில்தான் சேர்ந்தது.

ஓட்டுநர், வண்டி, காற்றில் மிதத்தற்குரிய சிறகு என மூவகைப் பொருள்கள் சேர்த்தற்கு உரியன. இவை ஒவ்வொன்றும் மூன்று தரத்தன. ஒவ்வோர் ஓடுகளத்திற்கும் ஏற்ற ஓட்டுநர் சிலர் உளர். ஏற்ற ஓட்டுநரைக் கொண்டவன் எறிபொருள்களை மிகுதியாகப் பெறுவான். ஏற்ற வண்டியும் சிறகும் மதிப்பெண்ணைப் பெருக்கும். முதலில் வந்தவன் எவன் என்பதைவிட மதிப்பெண் எவ்வளவு என்பதே வாரந்தோறும் நிகழும் தரவரிசையை முடிவு செய்தது. அன்றியும், மரியோ என்னும் ஒரே தலைவன் இசைவாணர் உடையிலும் சப்பானிய விழா உடையிலும் தோன்றுங்கால், ஒவ்வொன்றும் தனித்தனி ஓட்டுநராக எண்ணப்பட்டது. நம் கூத்து மரபில் ஒருவனே பல வேடம் புனைவான். ஈண்டு வேடம் மாறியவுடன் ஆளும் வேறாய், அவ்வேறு ஆளைப் புதிதாகப் பெறவேண்டியதாயிற்று.

பெயரின் இறுதியில் நிற்கும் 'டூர்' என்னும் சொல் உலாவைக் குறிக்கும். இரு வாரத்திற்கு ஒரு நகரம் அல்லது ஒரு பொருள் எனச் சுற்றுகள் மாறின. முதற் சுற்று நியூயார்க்கு. பின்னர்த் தோக்கியோ, பாரிசு, இலண்டன் முதலிய நகரங்கள் வந்தன. சிங்கப்பூரும் பாங்காக்கும் பின்னாளில் சேர்ந்தன. உலா இலக்கியத்தில் தலைவன் ஒரு நகரின் தெருக்களிற் பவனி வருவான். காண்போர் ஏழு பருவத்து மகளிர். இவ்வாட்டத்தில் காண்போர் இலர். நகரம் பாலமும் கோபுரமுமாகச் சுருங்கிக் கடந்து செல்கிறது. ஆயினும் ஆற்றோரத்திலும் மாடங்களின் நடுவிலும் வண்டி பாய்ந்து செல்லும் அவ்வோட்டத்தில் அழகு இல்லை என்று கூறுதல் நடுவுநிலை ஆகாது. களங்களை அமைத்தோர் கைதேர்ந்தவர். வளைவுகளின் நிரலில் ஒரு செய்யுளின் சீரொழுங்கு போன்றதோர் ஒழுங்கு உண்டு. தேர்ந்த ஆட்டக்காரன் ஒரு வளைவின் முடிவை அடுத்த வளைவின் தொடக்கத்தோடு இணைத்துச் செல்வதைக் கண்டோர் இதனை உடன்படுவர்.

உவகையின் நிலைக்களன்

பிரெஞ்சு அறிஞர் ரோசே கையுவா 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஆட்டங்களை நான்காக வகுத்தார். போட்டி, தற்செயல், வேடம், தலைசுற்றும் மயக்கம் என்பன அவை. நாம் ஆராயும் ஆட்டத்தில் நான்கும் உள. ஓட்டத்தில் போட்டி, குழாயில் தற்செயல், ஓட்டுநர் உருவில் வேடம், விரைவில் மயக்கம். ஆனால் இப்பகுப்பு ஆட்டத்தின் வகையைக் கூறுவதன்றி, எந்த உவகை எங்குப் பிறந்தது என்னும் நம் வினாவுக்கு நேர்விடை தருவதில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாட்டிற்கும் நந்நான்கு நிலைக்களன் கூறுகின்றார். உவகைக்கு அவர் கூறும் நான்கு, செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன. துன்பம் நீங்கிய உவகை என்று அடைகொடுத்து ஓதியமையும் கருதத்தக்கது. செல்வம் என்பது நுகர்ச்சியையும், புலன் என்பது கல்விப் பயனாகிய அறிவையும் குறிக்கும் என உரை கூறுவர். இந்நான்கும் உவகை என்னும் ஒன்றனையே பயப்பினும், ஒன்றன் களன் மற்றொன்றன் களன் அன்று என்பது தனித்தனி எண்ணியதனாற் போதரும். பொன் பெற்றவன் முகத்து மலர்ச்சியும் பந்தெறிந்த பிள்ளை முகத்து மலர்ச்சியும் புறத்தே ஒன்றாகத் தோன்றலாம். பிறந்த இடம் வேறு.

இதனை ஆட்டத்தின்மேல் வைத்துக் காண்போம். சறுக்கி விரைவு பெறும் வளைவைப் பன்முறை முயன்று ஒருவன் கற்றுக்கொள்கிறான். அவ்வழி அவன் பெறுவது புலன் பற்றிய உவகை. வென்றாலும் தோற்றாலும் ஓடுதலில் மகிழ்கிறான். அது விளையாட்டுப் பற்றிய உவகை. குழாய் வெடித்து, அரிய ஓட்டுநர் ஒருவர் வெளிப்படுகிறார். அப்பொழுது அவன் கற்றது யாதும் இல்லை, ஆடியதும் இல்லை, பெற்றான். அது செல்வம் பற்றிய உவகை. எம் மாணவர் நினைவில் நின்றது இம்மூன்றாவது. அவர் மகிழ்ந்தது பொய்யன்று. ஆனால் விளையாட்டின் பெயரால் அவர் நுகர்ந்தது செல்வத்தின் உவகையே.

அற்றேல், மூன்றும் ஓரிடத்து நிகழ்தலால் இழுக்கென்னை எனின், கூறுதும். அவை ஓரிடத்து நிகழ்தல் குற்றமன்று. ஒன்று மற்றொன்றற்கு வாயிலாகும்பொழுதுதான் குற்றம் பிறக்கிறது. இவ்வாட்டத்தில் ஏற்ற ஓட்டுநரைப் பெறாதவன் கைத்திறன் மிக்கானாயினும் மதிப்பெண்ணிற் பின்தங்கினான். ஓடுதற்கு முன்னரே ஓட்டத்தின் முடிவு பெரும்பான்மையும் உடைமையால் வரையறுக்கப்பட்டது. புலனும் விளையாட்டும் செல்வத்தின் ஏவலராயின. நாளடைவில் ஆடுவோன் குழாய்க்குரிய கல்லைச் சேர்த்தற்காகப் பந்தயம் ஓடினான். பந்தயம் கூலித் தொழிலாயிற்று. கூலிநாளின் வேலையை யார் நினைவிற் கொள்வர்? கூலி பெற்றதே நினைவில் நிற்கும். மாணவர் பந்தயத்தை மறந்தமைக்குக் காரணம் இதுவென்பது எம் துணிபு.

குழாயும் கவறும்

குழாயைத் திறத்தற்கு வேண்டியது 'ரூபி' எனப்படும் மாணிக்கக் கல். ஒருமுறை திறத்தற்குக் கல் 5. பத்துமுறை சேர்த்துத் திறத்தற்குக் கல் 45. கல்லை ஆடியும் சிறிது சிறிதாகப் பெறலாம். பணம் கொடுத்தும் வாங்கலாம். குழாயினுள் எது வரும் என்பது ஆடுவோன் கையில் இல்லை. அன்றியும் திங்களுக்கு 4.99 அமெரிக்க டாலர் செலுத்துவோர்க்கு மட்டும் மிகுந்த பரிசும், வெளிவந்தபோது மிகுவிரைவுப் பந்தயமும் வழங்கப்பட்டன.

இம்முறையைச் சப்பானியர் 'கச்சா' என்பர். நாணயம் இட்டுக் கைப்பிடியைத் திருகினால் சிமிழ் ஒன்று விழும். அதனுள் யாதேனும் ஒரு பொம்மை இருக்கும். அக்கடைப் பொறியின் ஒலிக்குறிப்பால் அமைந்த பெயர் அது. அந்நாட்டில் இம்முறையின் ஒரு கொடிய வகை, அதாவது சிலவற்றைத் தொகுதியாகச் சேர்த்தாலன்றிப் பரிசு தராத வகை, 2012ஆம் ஆண்டில் சட்டத்துக்கு மாறானதென நுகர்வோர் துறையால் அறிவிக்கப்பட்டது. பெல்சிய நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2018ஆம் ஆண்டில் விலைகொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதென முடிவு செய்தது. அடுத்த ஆண்டே நிண்டெண்டோ தன் கைப்பேசி ஆட்டங்கள் இரண்டனை அந்நாட்டில் நிறுத்திற்று.

நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும், 2025ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றமும் இணையவழி ஆட்டங்களைப் பற்றிச் சட்டம் இயற்றின. அவற்றின் தலையாய நோக்கு, பணம் வைத்துப் பணம் பெறக் கருதும் ஆட்டங்கள். கைத்திறன் மிகுந்தது, தற்செயல் மிகுந்தது என ஆட்டங்களைப் பிரித்து வழக்காடுதலும் நெடுநாளாக நிகழ்கிறது. திறன் இருப்பின் சூது ஆகாது என்பது ஒரு சாரார் கொள்கை.

திருவள்ளுவர் இப்பிரிவை வேறு கண்கொண்டு நோக்கினார் எனத் தோன்றுகிறது. சூது என்னும் அதிகாரத்தில் அவர் கவற்றையும் ஆடுகளத்தையும் கையையும் ஒருங்கே எண்ணுகிறார். கை என்பதற்கு, ஆடுதற்கு வேண்டும் கைத்தொழில் எனப் பரிமேலழகர் பொருள் உரைத்தார். எனவே திறனும் சூதின் உறுப்பே. தன் கைத்திறனால் வெல்லலாம் என்னும் செருக்கே ஒருவனைக் கவற்றின்பால் மீண்டும் மீண்டும் செலுத்துகிறது. சூதில் வந்த வெற்றியை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு அவர் ஒப்பிட்டதும் இது பற்றியே. தோல்வி விடுவிக்கும், வெற்றி கட்டிவைக்கும். முதற் குழாயில் அரியதொன்று பெற்ற பிள்ளையே பத்தாம் குழாய் வரை செல்கிறான்.

அம்மன் காசும் மாணிக்கமும்

புதுக்கோட்டையில் வாழும் நாம் ஆட்டத்தின் மாணிக்கக் கல்லைப் பற்றி எண்ணுங்கால் அம்மன் காசு நினைவுக்கு வருதல் இயல்பு. தொண்டைமான் மன்னர் ஆட்சியில் இச்சமத்தானம் தனக்கென ஒரு செப்புக் காசு வழங்கியது. ஒருபுறம் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் உருவமும், மறுபுறம் 'விஜய' என்னும் தெலுங்கெழுத்தும் அதில் உண்டு. நவராத்திரி நாள்களில் மக்கட்கு அரிசியோடு அக்காசும் அளிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சமத்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது.

இரண்டும் தம் எல்லைக்குள் மதிப்புடையன என்பது உண்மை. ஒப்புமை அத்துடன் முடிகிறது. அம்மன் காசு பெற்றவன் அதனைச் சந்தையில் உப்புக்கும் புளிக்கும் மாற்றினான், பிள்ளைக்குக் கொடுத்தான், அண்டைவீட்டானுக்குக் கடன் தந்தான். கையைவிட்டுக் கைக்குச் சென்றமையால் அது காசாயிற்று. ஆட்டத்துக் கல்லோ, பணத்தால் கல்லாகும். கல் மீண்டும் பணமாகாது. ஓர் ஆடுவோனிடமிருந்து மற்றோர் ஆடுவோனிடம் செல்வதும் இல்லை. அதனாற் பெற்ற ஓட்டுநரும் அத்தகையரே. நண்பனுக்கு ஒருவரைக் கொடுக்க இயலாது, பண்டமாற்றும் இல்லை.

பொன்னமராவதிக்கு அணித்தாய் நிற்கும் பிரான்மலையைப் பாரியின் பறம்பு என்பர். முல்லைக்குத் தேர் ஈந்தவன் என்பதே அவன் புகழ். அச்செயல் அறிவுடையதா என வினவுவோரும் உளர். ஆயினும் தேர் ஒன்று ஒருவனுக்கு உரிமையாயிருந்தது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று இல்லை. கொடுக்க இயலாத பொருளை உடைமை என்று கூறுதல் பொருந்துமா என்பதை ஆய்வாளர் எண்ணுக.

தடையும் விடையும்

இதற்கு இரண்டு தடைகள் எழுதல் கூடும். ஒன்று: சேர்த்து மகிழ்தல் பிள்ளைகட்குப் புதிதன்று. தீப்பெட்டிப் படமும் கோலிக்குண்டும் புளியங்கொட்டையும் சேர்க்காத சிறுவர் யார்? உண்மை. ஆனால் கோலி ஆட்டத்தில் வென்று வந்தது. ஆட்டத்தில் தோற்றுப் போவது. தீப்பெட்டிப் படத்தை அஞ்சுக்கு ஒன்றென நண்பனோடு மாற்றினர். அவ்வழிச் சேர்த்தல் விளையாட்டுக்குள் அடங்கிற்று. கைப்பேசி ஆட்டத்தில் விளையாட்டுச் சேர்த்தலுக்குள் அடங்கிற்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே எம் பொருள்.

மற்றொன்று வலிய தடை. இம்மாவட்டத்து எல்கைப் பந்தயத்தை எடுத்துக்காட்டி, ஈண்டும் மாடு உடையவனே வெல்கிறான் அன்றோ என்பர். கோயில் திருவிழாவிலும் பொங்கலை ஒட்டியும் அறந்தாங்கி, மணமேல்குடி, திருமயம் பக்கத்துச் சாலைகளில் இம்மாட்டுவண்டிப் பந்தயம் நிகழ்கிறது. 2014ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பால் தடைப்பட்ட இத்தகைய ஆட்டங்கள், 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தத்தால் மீண்டன. 2023ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அரசியலமைப்பு அமர்வு அத்திருத்தத்தை ஏற்றது. நல்ல மாட்டிணை வாங்கப் பெரும்பொருள் வேண்டும் என்பதை மறுத்தல் இயலாது. வெற்றி அறிவிக்குங்கால் உரியவர் பெயரும் ஊரும் முன்னே வருகின்றன. செல்வம் அங்கும் உண்டு.

ஆயினும் இரண்டு செய்திகளை நோக்கவேண்டும். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு எனப் பந்தயத்தைப் பிரித்து, ஒத்தது ஒத்ததோடே ஓடுமாறு முறை வகுத்துள்ளனர். செல்வத்தின் ஏற்றத்தாழ்வை ஆட்டம் தானே ஓரளவு அடக்கிக்கொள்ள முயல்வதை இம்முறை காட்டுகிறது. அன்றியும், வாங்கிய அன்றே எந்த மாடும் வெல்வதில்லை. தீனி வைத்து, மண்ணில் ஓட்டி, நீச்சல் பழக்கி, ஆண்டுக்கணக்கில் ஒருவன் அதனோடு வாழவேண்டும். சாரதியின் கையும் குரலும் மாட்டுக்குப் பழக வேண்டும். செல்வம் தொழிலாகவும் பழக்கமாகவும் மாறிய பின்னரே களத்துக்கு வருகிறது. பந்தயம் கண்டு மீண்ட ஊரார் பேசுவது மாட்டின் விலையை மட்டுமன்று. எந்தத் திருப்பத்தில் எந்தச் சாரதி கயிற்றை எவ்வாறு பிடித்தான் என்பதனையும் நெடுநாள் பேசுகின்றனர். அவர் நினைவில் ஓட்டம் நிற்கிறது.

குழாய் நீங்கிய பின்

இவ்வாட்டத்தின் வரலாற்றில் நம் ஆய்வுக்குத் துணையாவதொரு திருப்பம் உண்டு. 2022ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நிறுவனத்தாரே குழாயை நீக்கினர். வேண்டிய ஓட்டுநரைக் கல் கொடுத்து நேரே பெறும் கடை ஒன்று அதன் இடத்தில் வந்தது. கவறு நீங்கிற்று, விலை நின்றது. சூது என்னும் குற்றம் குறைந்தது எனலாம். ஆனால் ஓட்டத்தின் முடிவு உடைமையால் வரையறுக்கப்படும் நிலை மாறியதில்லை. எனவே குற்றம் முழுதும் தற்செயலில் இல்லை என்பது இதனால் உறுதிப்படும். 2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் புதிய களங்களோ ஓட்டுநரோ சேரமாட்டார், முன்வந்த சுற்றுகளே மீண்டும் வரும் என அறிவித்தனர்.

எம் மாணவர் கற்பிக்க, யாமும் மூன்று திங்கள் இவ்வாட்டத்தை ஆடிப் பார்த்தோம். பொருள் எதுவும் வாங்கவில்லை. மதிப்பெண் வரிசையில் கடைப்பகுதியிலேயே நின்றோம். முதல் இரு வாரம் அது எமக்கு வருத்தமாகவே இருந்தது என்பதை மறைத்தல் வேண்டா. பின்னர் வரிசையை நோக்குவதை விடுத்து, ஒரே களத்தின் ஒரே வளைவை நாள்தோறும் பயின்றோம். ஒரு மாலை அவ்வளைவு கைக்கு வசப்பட்டது. விரல் எடுத்த நொடியில் வண்டி நேர்பட்டு முன்பாய்ந்தது. அருகிருந்த மாணவர் எம்மினும் மகிழ்ந்து, “இப்படி ஒரு வளைவு இருப்பதே எனக்குத் தெரியாது, ஐயா” என்றார். ஈராண்டு ஆடியவர் கூறிய சொல் அது. அவர் அக்களத்தில் எத்தனையோ முறை ஓடியவர். ஏற்ற ஓட்டுநரை உடையவராதலால் அவ்வளைவைக் கற்கவேண்டிய தேவை அவர்க்கு எழவில்லை.

கையால் இழுத்து மகிழும் இன்பம் இவ்வாட்டத்தினுள்ளும் அழியாமல் இருக்கிறது என்பதை அன்று உணர்ந்தோம். களம் அமைத்த கலைஞன் அதனை அங்கு வைத்துள்ளான். வாணிகம் அமைத்தவன் அதன்முன் குழாயை நிறுத்தினான்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். கைப்பேசி வண்டிப் பந்தயம் சிறுதேர் மரபின் ஒரு புதுவடிவமே. அதனை விளையாட்டு அன்று எனத் தள்ளுதல் ஆய்வு ஆகாது. அதன் ஓட்டத்தில் புலனும் விளையாட்டும் பற்றிய உவகை உண்டு. அதன் சேர்த்தலில் பிறப்பது செல்வம் பற்றிய உவகை. பின்னது முன்னவற்றை ஏவல் கொள்ளும்படி அமைந்தமையே அதன் குற்றம். கொடுக்கவும் மாற்றவும் இயலாமையால் அச்செல்வமும் முழுச்செல்வம் ஆகாது. நிறுவனம் ஒருநாள் தன் வழங்கியை நிறுத்துமாயின், சேர்த்தவை அனைத்தும் ஒருங்கே மறையும். கற்ற வளைவு கற்றவன் கையில் நிற்கும்.

ஆசிரியராகிய நமக்கு இதனால் ஒரு கடமையும் உண்டு. ஆடும் பிள்ளையிடம் ஆடாதே என்று கூறுவதினும், எதனால் மகிழ்ந்தாய் என்று வினவுதல் நன்று. தன் உவகையின் களன் எது எனப் பிரித்தறியக் கற்ற பிள்ளை, குழாயை விடுத்து ஓட்டத்தைக் கைக்கொள்வதற்கு வழி உண்டு. மெய்ப்பாட்டியலைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் கற்பித்து வந்த எமக்கு, அது வாழ்வுக்குரிய அளவுகோலும் ஆகும் என்பதை அம்மாணவர் கட்டுரை உணர்த்திற்று. அதற்கு யாம் இட்ட மதிப்பெண் வகுப்பிலேயே மிகுதி. நகைத்த நண்பர் காரணம் வினவினார். அவர்க்கு விடையாக எழுதத் தொடங்கியதே இக்கட்டுரை.

பட்டினப்பாலைச் சிறுவர் வழியிற் கிடந்த பொற்குழையை எடுத்துக் காதில் அணிந்துகொண்டதாகப் புலவர் பாடவில்லை. குழை தடுத்தது என்பதே செய்தி. அவர்கள் அதனைச் சுற்றிக்கொண்டு தேரை உருட்டிச் சென்றிருத்தல் வேண்டும். நம் பிள்ளைகளும் அவ்வாறு செல்லக் கற்பார்களாயின் நன்று.